திறவுகோலும் பொறுப்பும்

பொருளை ஈட்டுவதற்கு ஒரு திறமை வேண்டும். ஈட்டிய பொருளைக் காப்பதற்கு மற்றொரு திறமை வேண்டும். முதல் திறமையைப் பயிற்றுவிக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் இருக்கின்றன. இரண்டாவது திறமையை அவரவரே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கல்லூரி மாணவர் ஒருவர் அதை முதன்முதலாகக் கற்கும் நாள் எது என்று கேட்டால், விடுதி அறையைக் காலி செய்யும் நாள் என்று நான் சொல்வேன்.

ஆண்டு இறுதித் தேர்வு முடிகிறது. இன்ன நாளுக்குள் அறைகளைக் காலி செய்து சாவியைத் திருப்பித் தர வேண்டும் என்று விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படுகிறது. அறைகளைப் பழுதுபார்க்க வேண்டும், வெள்ளையடிக்க வேண்டும், அடுத்த ஆண்டுக்கு அறைகளை மாற்றி வழங்க வேண்டும். விடுதியின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால், மாணவருடைய நிலை என்ன? சென்னையின் மேற்குப் புறநகரை எடுத்துக்கொள்வோம். ஆவடி, பூந்தமல்லி, நசரத்பேட்டை, வேலப்பன்சாவடி, சூரப்பட்டு ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கல்லூரிகள் பல இருக்கின்றன. தென்காசியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும், வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்து பயில்வோர் அங்கே உண்டு. ஊருக்குப் புறப்படும் மாணவர் இரயிலில் இரண்டு பெட்டிகளைக் கொண்டு செல்லலாம். மெத்தையை என்ன செய்வார்? மிதிவண்டியை என்ன செய்வார்? மின்விசிறி, வாளி, வரைபலகை, மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்த பாடப் புத்தகங்கள் ஆகியவற்றை எங்கே வைப்பார்? இரண்டு மாதம் கழித்து மீண்டும் தேவைப்படும் பொருள்களை விற்றுவிட முடியாது. ஆயிரம் கிலோமீட்டர் சுமந்து சென்று திரும்பச் சுமந்து வரவும் முடியாது.

இந்தத் தொல்லைக்கு மாணவர்கள் சில வழிகளைக் கண்டிருக்கிறார்கள். உள்ளூரில் வீடுள்ள நண்பரிடம் ஒப்படைப்பது ஒரு வழி. அது அன்பின் வழி, செலவில்லாத வழி. ஆயினும், நண்பருடைய தாயார் தம் வீட்டுத் திண்ணையில் எத்தனை மெத்தைகளுக்கு இடம் கொடுப்பார்? வெளியே வாடகை அறையில் தங்குவோர், ஆள் இல்லாத அறைக்கும் இரண்டு மாத வாடகையைக் கொடுத்துப் பொருளை அங்கேயே வைத்துப் போவது மற்றொரு வழி. இரயில் நிலையத்தில் ‘கிளோக் ரூம்’ இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது வழிப்போக்கருக்கான வசதி. பயணச்சீட்டு உடையவர், பூட்டிய பெட்டியைச் சில மணி நேரமோ சில நாள்களோ வைத்துச் செல்வதற்கே அது ஏற்பட்டது. மெத்தையும் மிதிவண்டியும் கோடை முழுதும் அங்கே தங்க இயலாது.

அண்மைக் காலத்தில் இன்னொரு வழி திறந்திருக்கிறது. ‘செல்ஃப் ஸ்டோரேஜ்’ என்னும் பெயரோடு விளம்பரங்களில் நாம் காண்பது அது. இப்பேச்சில் அதனை ‘வாடகைக் காப்பறை’ என்று வழங்குகிறேன். பெரிய கிடங்கு ஒன்றைச் சிறு சிறு அறைகளாகத் தடுத்து, சதுர அடிக்கு இவ்வளவு என்றோ பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்றோ மாத வாடகைக்கு விடுவது இத்தொழில். இது 1960களில் அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் இன்றைய உருவத்தைப் பெற்றுப் பிற நாடுகளுக்கும் பரவியது.

சென்னையின் மேற்குப் புறநகர் இத்தொழிலுக்குப் பொருத்தமான நிலம். கிடங்கு என்பது இப்பகுதிக்குப் புதிதன்று. ஆவடியில் படைத்துறையின் பண்டகசாலையும் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கும் உண்டு. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. பூந்தமல்லி வழியே பெங்களூர் நெடுஞ்சாலை செல்கிறது. மதுரவாயல் வழியாகப் புறவழிச்சாலையும், நசரத்பேட்டை வழியாக வெளிவட்டச் சாலையும் செல்கின்றன. துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையே பொருள் தங்கிச் செல்லும் இடமாக இவ்வட்டாரம் வளர்ந்தது இயல்பே. இயந்திரங்களும் மருந்துப் பெட்டிகளும் தங்கிய வட்டாரத்தில் இன்று மாணவரின் மெத்தைக்கும் ஓர் இடம் கிடைக்கிறது.

பொருளை வைப்பதற்கு இடம் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்துவிடுமா? இங்கேதான் மாணவர்கள் சிந்திக்க வேண்டிய கேள்வி ஒன்று எழுகிறது. பொருள் வைத்த அறையின் திறவுகோல் யார் கையில் இருக்கிறது? இந்தக் கேள்வி சிறியதாகத் தோன்றும். ஆனால், பொருளுக்கு இழப்பு நேரும்போது பொறுப்பு யாருடையது என்பது பெரும்பாலும் இதனைச் சார்ந்தே நிற்கிறது.

இருவகை ஏற்பாடுகளை நாம் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். ஒன்று, பொருளையே பிறரிடம் ஒப்படைப்பது. நிறுவனத்தார் வண்டியோடு வந்து பெட்டிகளை எண்ணி எடுத்துச் செல்கிறார்கள். தம் கிடங்கில் வைக்கிறார்கள். கேட்கும்போது கொண்டுவந்து தருகிறார்கள். சாவி அவர்களிடம் இருக்கிறது. மற்றொன்று, இடத்தை மட்டும் வாடகைக்குக் கொள்வது. பொருளை நாமே கொண்டு சென்று வைக்கிறோம்; நம் பூட்டைப் பூட்டுகிறோம்; சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போகிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்பது நிறுவனத்தாருக்குத் தெரியாது. இரண்டையும் விளம்பரங்கள் ஒரே பெயரால் அழைக்கின்றன. சட்டம் இரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை.

பிறர் பொருளை ஏற்றுக் காப்பவரின் கடமையைத் தமிழ் மரபு மிக உயர்வாக மதித்தது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குல முதுமகளிடம் அடைக்கலமாகத் தருகிறார். பின்னர்க் கண்ணகிக்கு நேர்ந்த துயரத்தை அறிந்த மாதரி, தான் காக்க வேண்டிய அடைக்கலத்தை இழந்துவிட்டதாகக் கருதித் தீயில் புகுகிறாள். குற்றம் செய்தவன் பொற்கொல்லன், தவறிழைத்தவன் மன்னன். ஆயினும், ஏற்றுக்கொண்ட பொறுப்பு அவளை விடவில்லை. திருக்குறளும் இதனை வாணிகத்துக்கு உரிய நெறியாக வகுக்கிறது. அடுத்தவருடைய பொருளைத் தன்னுடையதைப் போலவே கருதி நடப்பவனே நல்ல வணிகன் என்னும் கருத்தை வள்ளுவர் ‘நடுவு நிலைமை’ என்னும் அதிகாரத்தில் வைத்திருக்கிறார்.

இந்தியாவில் 1872ஆம் ஆண்டு இயற்றப்பட்டு இன்றும் நடைமுறையிலிருக்கும் ஒப்பந்தச் சட்டத்தைப் பார்க்கிறோம். அதன் 148ஆம் பிரிவு, பொருளை ஒருவர் மற்றொருவரிடம் ஒரு நோக்கத்துக்காக ஒப்படைத்து, நோக்கம் முடிந்ததும் திரும்பப் பெறுவதை விளக்குகிறது. 151ஆம் பிரிவு, பொருளை ஏற்றவர் எவ்வளவு கவனம் செலுத்த வேண்டும் என்று வரையறுக்கிறது. இயல்பான விவேகமுள்ள ஒரு மனிதர், அதே அளவும் தரமும் மதிப்பும் உடைய தம் சொந்தப் பொருளை அதே சூழ்நிலையில் எவ்வளவு கவனத்தோடு காப்பாரோ, அவ்வளவு கவனம் வேண்டும் என்கிறது. வள்ளுவர் அறமாகச் சொன்னதும் சட்டம் விதியாகச் சொல்வதும் ஓரிடத்தில் வந்து கூடுவதை எண்ணி நான் வியந்ததுண்டு.

கடமை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. பொருளில் உள்ள குறை ஒன்று பிறருக்குத் தீங்கு விளைக்கக்கூடுமானால், அதனைத் தெரிந்திருந்தும் மறைத்து ஒப்படைப்பது தவறு என்று அதே சட்டத்தின் 150ஆம் பிரிவு கூறுகிறது. சிறு எரிவாயு உருளையைப் போர்வையில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கும் மாணவர் இப்பிரிவை நினைவிற்கொள்ள வேண்டும். அந்தப் பெட்டியின் பக்கத்தில் வேறொருவரின் பெட்டி இருக்கிறது.

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். நம் பூட்டு, நம் சாவி, நாம் வைத்த பொருள். அப்படியானால் இடம் கொடுத்தவருக்குப் பொறுப்பே இல்லையா? வங்கிப் பாதுகாப்புப் பெட்டக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பு இதற்கு ஒளி தருகிறது. கொல்கத்தாவில் ஒரு வங்கி, வாடிக்கையாளரின் பெட்டகத்தை முன்னறிவிப்பின்றி உடைத்துத் திறந்தது. உள்ளே இருந்த நகைகள் முழுமையாகத் திரும்பவில்லை என்பது வாடிக்கையாளரின் முறையீடு. உள்ளே என்ன இருந்தது என்பது தெரியாதாயினும், பெட்டகத்தையும் கட்டடத்தையும் காக்கும் கடமையிலிருந்து வங்கி கையைக் கழுவிவிட முடியாது என்று நீதிமன்றம் கூறியது. ஐந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. அதன்பின் ரிசர்வ் வங்கி புதிய விதிகளை வகுத்தது. அவை 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் நேரும் இழப்புக்கு, ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்பது அவ்விதி. வெள்ளம், நிலநடுக்கம், இடி ஆகிய இயற்கைச் சீற்றங்களுக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவிடத்து, இப்பொறுப்பு இல்லை.

வாடகைக் காப்பறைக்கு இத்தகைய தனி விதி ஏதும் இல்லை. கிடங்குகளை ஒழுங்குபடுத்த 2007ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது உண்மையே. ஆனால், நெல்லும் பருத்தியும் போன்ற சரக்குகளை வைத்து, கைமாற்றத்தக்க கிடங்கு இரசீது வழங்குவதை மையமாகக் கொண்டு எழுந்தது அச்சட்டம். மாணவரின் மெத்தையை அது மனத்தில் கொள்ளவில்லை. ஆகவே, இங்கே மாணவருக்குக் காவலாக நிற்பது அவர் கையொப்பமிடும் ஒப்பந்தத் தாளே ஆகும். அத்தாளை முழுதும் படிக்காமல், விரல் நுனியால் ‘சம்மதம்’ என்று தொட்டுவிட்டு நகர்வது இன்றைய வழக்கமாகிவிட்டது. தேர்வுத்தாளில் வினாவைப் படிக்காமல் விடை எழுதுவோர் உண்டா?

அத்தாளில் பார்க்க வேண்டியவை சில. பொருள் கெட்டாலோ காணாமற்போனாலோ நிறுவனம் எவ்வளவு தொகை வரை பொறுப்பேற்கிறது? காப்பீடு உண்டா? உண்டெனில் அது எதனால் வரும் இழப்பைத் தாங்கும், யார் பெயரில் இருக்கிறது? வாடகை தவறினால் எத்தனை நாள் பொறுப்பார்கள்? பொருளை விற்கும் உரிமையை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்களா? விற்பதற்கு முன் எந்த முகவரிக்கு, எந்தத் தொலைபேசி எண்ணுக்கு அறிவிப்பார்கள்? எந்த நாளில், எந்த நேரத்தில் நாம் சென்று பொருளைப் பார்க்கலாம்? விலக்கப்பட்ட பொருள்கள் எவை? முன்பணம் எப்போது திரும்பும்? இக்கேள்விகளுக்கு எழுத்தில் விடை இல்லாத இடத்தில் பொருளை வைக்கலாகாது. வாய்ச்சொல்லாகப் பெற்ற உறுதி இழப்பு நேரும் நாளில் உதவாது.

நான்கு மாணவர்கள் சேர்ந்து ஓர் அறையை எடுப்பது உண்டு. செலவு நான்கில் ஒன்றாகக் குறையும், நல்லதே. ஆனால், கையொப்பம் இட்டவர் ஒருவராக இருப்பார். நிறுவனத்துக்குத் தெரிந்தவர் அவர் ஒருவரே. அவர் தம் பங்கு வாடகையைக் கட்ட மறந்தால், மற்ற மூவரின் பொருளுக்கும் இடையூறு வரும். ஆகவே நால்வர் பெயரையும் பதிவு செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும். முடியாதெனில், யாருடைய பொருள் எது என்று ஒரு பட்டியல் எழுதி நால்வரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நட்புக்கு இது குறைவு என்று எண்ணலாகாது. கணக்குத் தெளிவாக இருக்கும் இடத்தில் நட்பு நீடிக்கும்.

குறை நேர்ந்தால் முறையிட இடமில்லையோ என்று மாணவர் அஞ்ச வேண்டா. பணம் கொடுத்துப் பெறும் சேவை இது; மாணவர் ஒரு நுகர்வோர். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் அவர் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குக்குக் கட்டணம் இல்லை. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் வழிகேட்கலாம். ஆனால், முறையிடுவதற்கு இரசீதும் பட்டியலும் ஒப்பந்தப் படியும் கையில் இருக்க வேண்டும்.

தாளைப் படித்த பிறகு நிலத்தையும் படிக்க வேண்டும். அம்பத்தூர், கொரட்டூர், அயனம்பாக்கம், பருத்திப்பட்டு என்று மேற்குப் புறநகரின் ஊர்ப்பெயரைச் சொன்னால், அங்கே ஓர் ஏரியும் நினைவுக்கு வரும். பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் ஏரி விரிந்து கிடக்கிறது. ஏரிக்கு ஏரி நீர் ஓடிய பழைய கால்வாய்களின் மேலும் அருகிலும் இன்று சாலைகளும் கட்டடங்களும் நிற்கின்றன. நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் இப்பகுதியின் குடியிருப்புகள் பல மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் புகுந்து தொழிற்கூடங்களின் இயந்திரங்களைக் கெடுத்தது.

கோடை விடுமுறைக்கு மட்டும் பொருள் வைப்பவருக்கு மழை அச்சம் குறைவு. தொழிற்பயிற்சிக்காகவோ வேறு பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் பயிலவோ ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வெளியூர் செல்பவருடைய நிலை வேறு. அவர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அறை எந்த மாடியில் இருக்கிறது? தரை, சாலை மட்டத்தைவிட எவ்வளவு உயரம்? 2015லும் 2023லும் இக்கட்டடத்தில் தண்ணீர் ஏறியதா? நிறுவனத்தாரைக் கேட்பதோடு நில்லாமல், பக்கத்துத் தேநீர்க் கடைக்காரரையும் கேட்பது நல்லது. அவர் தம் கடையின் சுவரில் நீர் ஏறிய அடையாளத்தைக் காட்டுவார். தரைத்தளமே கிடைக்குமானால் பொருளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டங்களின் மேல் வைக்க வேண்டும். புத்தகங்கள் மேலேயும் வாளிகள் கீழேயும் இருக்கட்டும்.

எந்தக் காப்பறையிலும் வைக்கக் கூடாத பொருள் ஒன்று உண்டு. அது சான்றிதழ். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் எடை மிகக் குறைவு. ஆனால், ஒருவருடைய மேற்படிப்பும் வேலையும் அவற்றின் மேல் நிற்கின்றன. 2015 வெள்ளத்தில் சான்றிதழ்களை இழந்தோருக்கு மாற்றுப்படி வழங்க அரசு தனி முகாம்களை நடத்த வேண்டியிருந்தது. மெத்தை நனைந்தால் வேறு மெத்தை வாங்கலாம். சான்றிதழ் நனைந்தால் அலுவலகங்களின் படிகளை ஏறி இறங்க வேண்டும். சான்றிதழ்கள் கைப்பையில் நம்மோடு வீட்டுக்கு வர வேண்டும். 2015 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் அவற்றின் மின்படிகளையும் பெற்று வைக்கலாம். அதில் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ளுங்கள். சான்றிதழை வழங்கும் வாரியமோ பல்கலைக்கழகமோ நேராக அதில் அளிக்கும் படி, விதிகளின்படி மூலத்துக்கு ஒப்பானது. நாமே படம் எடுத்து ஏற்றிய படிக்கு அந்தத் தகுதி இல்லை. அது நினைவுக்குறிப்பே ஆகும்.

மடிக்கணினியும் அவ்வாறே நம்மோடு வர வேண்டிய பொருள். தகரக் கூரைக் கிடங்கில் கோடை வெப்பம் மிகுதி. அதிலுள்ள லித்தியம் மின்கலத்துக்கு வெப்பம் பகை. வைத்தே ஆக வேண்டும் என்றால், மின்கலம் முழுதும் நிறைந்தோ முழுதும் தீர்ந்தோ இராமல் பாதியளவில் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளை வைப்பவர் பெட்ரோலை வடித்துவிட்டு மின்கல இணைப்பைக் கழற்ற வேண்டும்.

புத்தகங்களைக் காப்பதில் நம் முன்னோர் அறிவு பெரிது. ஏட்டுச் சுவடிகளுக்கிடையே வேப்பிலையும் வசம்பும் வைத்துப் பூச்சியைத் தடுத்தனர். அம்முறை அச்சுப் புத்தகத்துக்கும் பொருந்தும். உலர்ந்த வேப்பிலையையோ, துணியில் முடிந்த வசம்புத் தூளையோ பெட்டியில் இடலாம். மெத்தையை வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்பே சுற்ற வேண்டும். ஈரத்தோடு சுற்றினால் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய்ப் பசையுள்ள பாத்திரமும், பிரித்த தின்பண்டப் பொட்டலமும் எலியை அழைக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் இட்டு, உள்ளிருப்பவற்றை ஒரு தாளில் எழுதி, மூடுவதற்கு முன் ஒரு படமும் எடுத்து வைப்பது அறிவுடைமை.

இந்தப் பட்டியலின் பயன் 2020ஆம் ஆண்டில் நன்கு விளங்கியது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோய் காரணமாகக் கல்லூரிகள் மூடப்பட்டன. சில நாள்களில் திரும்பிவிடலாம் என்று எண்ணி மாணவர்கள் பொருள்களை விடுதி அறைகளிலேயே விட்டுச் சென்றனர். நாள்கள் மாதங்கள் ஆயின. ஜூன் மாதத்தில் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் விடுதியை நோயாளர்களுக்காக ஒப்படைக்குமாறு சென்னை மாநகராட்சி கேட்டது. அறைகளிலோ மாணவர்களின் உடைமைகள் இருந்தன. நகருக்கு அன்று படுக்கைகள் தேவை; மாணவருக்குத் தம் பொருள் தேவை. எந்தப் பக்கத்தையும் குறை சொல்ல முடியாது. நாம் இல்லாத நேரத்தில் நம் அறையைப் பிறர் திறக்க வேண்டிய நிலை எவருக்கும் வரலாம் என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம். அந்நாளில், பெயர் எழுதிப் பூட்டிய பெட்டி அப்படியே தூக்கி வைக்கப்படும். பரந்து கிடக்கும் பொருள்கள் வாரிக் கட்டப்படும். எது யாருடையது என்பதைப் பின்னர் யார் அறிவார்?

பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுவது அதனை இழப்பதற்கு முதற்படி. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சுவடிகளைத் தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்ற வரலாற்றைப் பலரும் அறிவீர்கள். வரகுண பாண்டியருடைய ஏடுகள் அங்கே கோயிலில் இருந்தன என்று கேட்டு ஆவலோடு சென்றார் அவர். சிதைந்துபோன ஏடுகளை நெருப்பில் இட்டுவிட்டதாக அங்கிருந்தவர்கள் கூறினர். ஏடுகளுக்கு இடம் இருந்தது, சுவர் இருந்தது, கதவும் இருந்தது. அவற்றை எடுத்துப் பார்ப்பதற்கு ஒருவர் இல்லை. காப்பறை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், பொருளைக் காப்பது உரியவருடைய நினைவே ஆகும். இரண்டு மாதத்துக்கு மேல் வைப்பவர், உள்ளூர் நண்பர் ஒருவரையாவது மாதம் ஒரு முறை பார்த்து வரச் சொல்ல வேண்டும்.

இனி, வைப்பதற்குத் தகுதியான பொருள் எது என்ற கேள்வி. ஒரு சிறு கணக்குப் போடுவோம். அறை வாடகை மாதம் எண்ணூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு ஆயிரத்து அறுநூறு. பொருளைக் கொண்டு செல்லவும் திரும்பக் கொண்டுவரவும் வண்டி வாடகை தடவைக்கு அறுநூறு என்றால் ஆயிரத்து இருநூறு. ஆக, செலவு இரண்டாயிரத்து எண்ணூறு. உள்ளே இருப்பது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மெத்தையும் இருநூறு ரூபாய் வாளியும் மட்டுமானால், அவற்றைக் காப்பது பேதைமை. அவற்றை இல்லாதவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து புதியன வாங்குவது சிக்கனமும் ஆகும், அறமும் ஆகும். நால்வர் சேர்ந்து, மிதிவண்டிகளும் புத்தகங்களும் கருவிகளுமாக வைத்தால் தலைக்கு எழுநூறு ரூபாயே ஆகும், அது தகும். விடுமுறைதோறும் இந்தக் கணக்கைப் போடும் மாணவர், வாங்கும்போதே இரண்டு முறை எண்ணத் தொடங்குவார். காப்பதற்குக் கூலி கொடுக்க மனம் வராத பொருளை வாங்குவதற்கும் அவர் தயங்குவார்.

எல்லா மாணவராலும் எழுநூறு ரூபாயும் கொடுக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். உதவித்தொகையால் படிப்போருக்கு அது ஒரு மாதத்துச் சிற்றுண்டிச் செலவு. அவர்களுக்காக ஒரு கருத்தை மாணவர் முன்னும் கல்லூரிகளின் முன்னும் வைக்கிறேன். விடுதியில் ஓர் அறையைக் கோடைக்காலத்துப் பொருட்காப்பறையாக ஒதுக்க முடியாதா? மேல்மாடியில் ஓர் அறை, சுவரோரம் மரத்தட்டுகள், ஒரு பதிவேடு, இரண்டு பூட்டுகள் ஆகியவை போதும். ஒரு பூட்டின் சாவி விடுதிக் காப்பாளரிடமும் மற்றொன்றின் சாவி மாணவர் குழுவிடமும் இருக்கட்டும். இருவரும் கூடினாலன்றிக் கதவு திறவாது. பெட்டிக்குச் சிறு கட்டணம் பெற்று, அதனைக் கொண்டு காப்பீடு செய்யலாம். கூட்டுறவு என்பது சென்னைக்குப் பழகிய நெறி. 1904ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் சிலர் கூடித் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலை, பலருடைய சிறு பங்குகள் சேர்ந்தால் எவ்வளவு பெரிய நிறுவனம் எழும் என்பதைக் காட்டியது. மளிகைப் பொருளில் கைகூடிய அம்முறை, மாணவரின் பெட்டிகளைக் காப்பதிலும் கைகூடும். அதை நடத்தும் மாணவர்கள் பதிவேடு எழுதவும், பிறர் பொருளுக்குப் பதில் சொல்லவும் பழகுவார்கள். வகுப்பறையில் பெற முடியாத பயிற்சி அது.

நண்பர் வீடாயினும், வாடகைக் காப்பறையாயினும், விடுதியின் பொது அறையாயினும் பொருளை விட்டுச் செல்லும்போது எண்ண வேண்டியவை மூன்று. திறவுகோல் யார் கையில் என்று கேளுங்கள். சாவி பிறரிடம் இருந்தால் அவர் ஏற்கும் பொறுப்பை எழுத்தில் பெறுங்கள். சாவி உங்களிடம் இருந்தால் பொறுப்பின் பெரும்பகுதியும் உங்களிடம் இருக்கிறது என்பதை உணர்ந்து, நிலத்தையும் கூரையையும் தாளையும் ஆராய்ந்து பாருங்கள். இன்று ஒரு மெத்தைக்கும் நான்கு புத்தகப் பெட்டிகளுக்கும் இதைச் செய்து பழகுகிறவர், நாளை ஒரு குடும்பத்தின் உடைமைக்கும், ஓர் அலுவலகத்தின் கருவூலத்துக்கும், ஊரார் ஒப்படைக்கும் பொதுச்சொத்துக்கும் நம்பத்தக்க காவலராக விளங்குவார்.